கருவாட்டு வைத்தியம்

முதலில் மணிக்கட்டில்தான் தொடங்கியது. கடிகாரம் கட்டுகிற இடத்தில், கடிகாரமே கட்டாத எனக்கு, ஒரு சிவந்த பட்டை. பாம்பனில் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து அப்போதுதான் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. உப்பில் கை வைக்கிறவனுக்குக் கை அரிக்கத்தான் செய்யும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன்.

உடம்பைப் பற்றிய அக்கறை எனக்கு எப்போதும் குறைவு. எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கோட்டயத்துப் பக்கம் ஓட்டலில் பரோட்டா, நாமக்கல் லாரியில் கிளீனர் என்று சுற்றி, எங்கேயும் நிலைக்காமல், கடைசியில் கடல் வரை வந்து சேர்ந்திருந்தேன். சாயம் ஏறிக் கை நீலமாக இருந்த காலம் உண்டு. தோசைக்கல் பட்டுக் கொப்புளித்ததும் உண்டு. எல்லாம் கவனிக்காமலே ஆறிவிட்டது. தோல் நம் பின்னாலேயே வருகிற ஒன்று, திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

கொட்டகை வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். ஈரம், அவ்வளவுதான். வாளை மீனும் கட்டா மீனும் கூடை கூடையாக வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கீறிக் குடலை எடுத்துத் தள்ளுவார்கள். நான் அவற்றைச் சிமெண்டுத் தொட்டிக்குள் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை கல்லுப்பு என்று அடுக்கி அமுக்குவேன். மறுநாள் தொட்டியில் மீன் விட்ட தண்ணீர் நிற்கும். அதற்குள் முழங்கை வரை விட்டு மீனை வெளியே எடுத்து, அலசி, மணலில் விரித்த பழைய வலைமேல் வெயிலில் பரப்புவேன். சாயங்காலம் நாற்றம் போக வேண்டுமே. துணிக்குப் போடுகிற சோப்பைத் தேங்காய் நாரில் தேய்த்துப் பானை விளக்குவது மாதிரிக் கையை விளக்குவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கு நன்றாகக் குளித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பட்டை மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது. விரல் இடுக்குகள் வெடித்தன. துண்டு கிடக்கிற இடத்தில் கழுத்தும் சிவந்தது. சொறிந்தால் நீர் கசியும், கசிந்த இடத்தில் உப்பு பட்டால் கண்ணில் பொறி பறக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கு மருமகள் பிறந்திருந்தாள்.

என் அக்கா ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நெல்லும் மிளகாயும் போடுகிற வீடு. கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லாமல், கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து பெற்ற பெண். அதுவும் மாதம் குறைந்து, உள்ளங்கை அகலத்தில் பிறந்து, மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தேறி வந்த பிள்ளை. அக்காவின் மாமியார் அந்தப் பிள்ளையைக் காவல் காத்த மாதிரி யாரும் வயலைக்கூடக் காவல் காத்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசல் தொட்டியில் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் இரண்டு தடவை கழுவுவேன், கருவாட்டுக்காக.

தை மாதத்தில் ஒரு நாள் போயிருந்தேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் என் மூக்கைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்த நேரம், சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

"தம்பி, கையில என்ன அது?" என்றார் அத்தை. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"உப்புப் பட்டது அத்தை. எங்க வேலையில அப்படித்தான்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, பூசணிப் பூவைக் காம்போடு கிள்ளுகிற மாதிரி அலுங்காமல் என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். "கை சரியாகட்டும் தம்பி. பெறகு தூக்கிக்கிடலாம்."

சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

அடுப்படியில் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "ஏலே, மனசுல வச்சுக்கிடாத. இந்தப் பிள்ளை விசயத்துல அத்தை ஈ எறும்பைக்கூட நம்பாது."

"அப்ப நான் ஈயா, எறும்பா?"

"நீ ஈயைவிட மோசம்லே. ஈயாச்சும் ஒரு எடத்துல உக்காரும்."

சிரித்தாள். பிறகு வடிதட்டைச் சரியாக மூடிவிட்டுக் குரலை இறக்கினாள். "வைகாசியில மொட்டை போட்டுக் காது குத்தலாம்னு இருக்கோம். ஒன் மடியிலதான் வைக்கணும். அதுக்குள்ள கையைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா நம்ம பெரியப்பா மகனைக் கூப்பிடலாம்னு அத்தை பேசிக்கிட்டு இருக்கு."

எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். நான் செத்துப்போயிருந்தாலோ வெளிநாட்டில் இருந்தாலோ பெரியப்பா மகன் உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் இருக்கும்போதே, இரண்டு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரத்தில் குத்துக்கல்லாக இருக்கும்போதே, அவன் உட்கார்ந்தால் ஊர் கேட்கும். அந்தப் போட்டோ அந்த வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் தொங்கும். பிள்ளை வளர்ந்து, "இது யார் மடி?" என்று கேட்கும்.

கையைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று திரும்பி வந்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் கருவாடு. ஈரமாக இருப்பது அழுகும், உப்புப் போட்டு நீரை இறக்கிக் காயவைத்தால் கெடாது. கொட்டகையில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம். என் கையில் நீர் கசிகிறது. அப்படியானால் அதை இறக்கிக் காயவைக்க வேண்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. விடிந்ததும் கடலில் இறங்கிக் கழுத்து வரை நிற்பேன். எரிய எரிய, வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன்.

மீன் கீறுகிற பெண்களில் மூத்தவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். வாய் ஓயாது, கத்தியும் ஓயாது. அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "கடத்தண்ணி பத்தாது. குப்பைமேனிய பறிச்சு கல்லுப்பு வச்சு அரைச்சுப் பூசு. எங்க வீட்டுல எல்லாருக்கும் அதான்" என்றார். ரயில் பாதை ஓரத்தில் குப்பைமேனி கொட்டிக் கிடந்தது. அரைத்துப் பூசினேன். பூசிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வலைமேல் கருவாட்டுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டிக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சையாக இருந்தது காய்ந்து கறுத்து, தோலை இறுக்கிப் பிடித்தது.

மதினி தூக்குவாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"ஏலே, காக்கா வருது. கையை மூடு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ஒரு பக்கம் காஞ்சிருச்சு, திருப்பிப் போடுங்க அண்ணே" என்றாள். நான் நிஜமாகவே திருப்பித்தான் போட்டேன்.

மாசியில் கைகள் கண்மாய்க் கரை வெடித்த மாதிரி ஆகிவிட்டன. முஷ்டி மடக்கினால் மேல்தோல் பிளந்தது. அப்போதுதான் மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை, நானும் என்ன மருந்து என்று கேட்கவில்லை. வெள்ளைக் களிம்பு, லேசான கற்பூர வாசம். பூசிய மறுநாளே அரிப்பு நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் கை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. என் கைதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உடனே பஸ் பிடித்தேன். உச்சிப்புளி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் கம்பியைப் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கையை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா தம்பி, கவனிச்சா சரியாப் போகுது" என்று அவரே பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கெல்லாம் தூக்கிக்கொண்டே திரிந்தேன். வைக்கோல் படப்பைக் காட்டினேன், காயப்போட்டிருந்த குண்டு மிளகாயைத் தூரத்திலிருந்து காட்டினேன், ஆடு காட்டினேன். அவள் ஆட்டைவிட என் சட்டைப் பொத்தானைத்தான் அதிகம் பார்த்தாள். மச்சான், அக்கா புருசன், வயலிலிருந்து வந்து, "மாப்ள, அது ஒங்கள விட்டு எறங்காது போல" என்றார். அதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ட்யூப் தீர்ந்தது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். விட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. போன தடவை முழங்கையோடு நின்றது, இந்தத் தடவை புஜம் வரை ஏறியது. கழுத்தில் துண்டு போட முடியவில்லை. இன்னொரு ட்யூப் வாங்கினேன். பூசினால் அடங்கும், விட்டால் சீறும். தோல் மெலிந்து, அடியில் ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது.

அந்தக் கோலத்தில்தான் பங்குனியில் போய் நின்றேன். அத்தை வாசலிலேயே பார்த்துவிட்டார். "பிள்ளைக்குத் தூக்கம் வருது" என்று சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, கண் அகல விழித்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பையில் இரண்டு இட்லியைக் கட்டிக்கொண்டு, "கெளம்பு. ராம்நாட்டுக்குப் போறோம்" என்றாள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். வரிசை வராந்தா வரை நின்றது. எங்கள் முறை வந்ததும், "என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டார். நான் ட்யூப்பை மட்டும் சொன்னேன்.

"பொய் சொல்றான் டாக்டரம்மா" என்றாள் அக்கா. "கடத்தண்ணில ஊறினான். குப்பைமேனியும் கல்லுப்பும் பூசினான். தேங்கா நாரும் துணி சோப்பும் போட்டுத் தேச்சான். அப்புறம் கையை வெயில்ல காயப் போட்டான்."

இதையெல்லாம் நான்தான் பெருமையாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெயில்லயா? எதுக்கு?"

"தண்ணி கசிஞ்சது டாக்டர். காஞ்சா சரியாகும்னு."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கருவாடு."

"அது எப்படிப் போடுவாங்க? நான் சாப்பிட்டிருக்கேன், போட்டுப் பாத்ததில்ல."

கேட்டாரே என்று விளக்கமாகச் சொன்னேன். கீறி, உப்புப் போட்டு அமுக்கி, தண்ணியை இறக்கி, அலசி, வெயிலில் ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி. சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். டாக்டர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அதையேதான் கைக்கும் பண்ணிருக்கீங்க" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் முதலில் சிரித்தார். அப்புறம் வராந்தாவே சிரித்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

செத்த மீனுக்குத்தான் ஈரம் ஆகாது, உயிருள்ள தோலுக்கு ஈரம் வேண்டும், அதைத்தான் நான் சோப்பும் உப்பும் வெயிலும் வைத்து உறிஞ்சி எடுத்திருக்கிறேன் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உப்புத் தண்ணீரிலேயே கிடந்ததால் வந்த புண், அதன்மேல் நான் சேர்த்தது பாதி. அந்த ட்யூப்பை இனித் தொடக்கூடாது. அவர் எழுதிக் கொடுக்கிற மருந்தைக் கொஞ்ச நாள், சொன்னபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். மற்றபடி டப்பாவில் வருகிற, மெழுகு மாதிரியான, வாசமில்லாத களிம்பு. குளித்து ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். "சோப்பு வேணும்னா பச்சப் பிள்ளைக்குப் போடுற சோப்பு. நார் வேண்டாம். மஞ்சள் வேண்டாம், வேப்பிலை வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம். யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்குங்க, போடாதீங்க."

"டாக்டர், இது தொத்துமா?" என்று கேட்டேன். வந்ததே அதற்குத்தான்.

"தொத்தாது."

அக்கா அங்கேயே போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "டாக்டரு தொத்தாதுன்னுதான் சொல்லும். பிள்ளைக்குத் தொத்துச்சுன்னா அது வந்து சொறிஞ்சு விடுமா? கையைக் கண்ணால பாக்கணும் நான்."

வைகாசிக்கு அதிக நாள் இல்லை.

சாயங்காலமே அக்கா எனக்கு ஒரு பை கட்டிக் கொடுத்தாள். பிள்ளைக்குப் போடுகிற சோப்பு, பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய், அவளுடைய பழைய நூல் சேலையை நாலாகக் கிழித்துத் தைத்த துண்டுகள். "இனிமே எனக்கு ரெண்டு பிள்ளைக. பெருசுக்குப் பல்லு மொளச்சிருச்சு, புத்திதான் மொளைக்கல" என்றாள்.

கொட்டகை முதலாளியம்மா நல்ல மனுஷி. தொட்டி வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, காய்ந்த கருவாட்டைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். டாக்டர் சொன்னபடி உள்ளே ஒரு வெள்ளைத் துணிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. துணிக் கையுறையோடு நான் வெளியே வந்தபோது மதினி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "டிராபிக் போலீசு வாரார்டி, கூடையை ஓரமா வைங்க."

குளியல்தான் முதலில் மாறியது. பாம்பனில் குழாயடியில் அடித்துக் குளிக்கிற தண்ணீர் உவர். அதை விட்டு, குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு குடம் கூட வாங்கினேன். ஊற ஊறக் குளிக்கிறவன், மளமளவென்று ஊற்றி முடிக்கப் பழகினேன். சோப்பு கையிடுக்கிலும் அக்குளிலும் மட்டும். துவட்டுவது என்றால் இத்தனை காலம் எனக்கு இழுத்துத் தேய்ப்பதுதான். இப்போது அக்காவின் சேலைத் துண்டை மேலே வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஈரம் மினுமினுக்கும்போதே களிம்பு. கழுத்துக்கும் காலுக்கும் எண்ணெய். சட்டையைச் சோப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து இன்னும் ஒரு தடவை கூடுதலாக அலசினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். அரிப்பு வந்தால் சொறியாமல் ஈரத்துணியை மேலே வைத்து அமுக்கிப் பிடித்தேன். இது எழுதும்போது சின்ன விசயமாகத் தெரிகிறது. அரிக்கிற கையைச் சொறியாமல் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தைக் கடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வைத்தியத்தில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. எரிச்சலே இல்லை. எரிந்தால்தான் மருந்து, கசந்தால்தான் கஷாயம் என்று வளர்ந்தவன் நான். பூசியது தெரியவே இல்லை என்றால் எப்படி நம்புவது? தினமும் காலையில் கை நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது. ஒரு நாள் வெறுத்துப்போய்க் குப்பைமேனிச் செடி வரை போய்விட்டேன். செடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில் மங்களூர் படகு ஒன்றுக்கு ஆள் கேட்டார்கள். வேறு சமயமாக இருந்திருந்தால் கேட்டவர் வாயை மூடுவதற்குள் பையைத் தூக்கியிருப்பேன். கடல் தண்ணீரில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தோல்தான் அவனை ஒரு இடத்தில் உட்காரவைத்தது என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள். நான் உட்காரவில்லை, காத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஆறியது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. சாக்குக் கட்டும்போது ஒரு நாள் முஷ்டி மடங்கியது, வலிக்கவில்லை. வெடிப்பு மூடி, சிவப்பு அடங்கி, அந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. முழங்கை மடிப்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு. வைகாசியும் வந்துவிட்டது.

கண்மாய்க்கரை ஓரம் மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயில். பந்தல், பாத்திரம், பொங்கல் புகை. என்னுடைய சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றேன். புது வேட்டி கஞ்சி மொறமொறப்பில் உரசும் என்று அக்கா அதை முன்னாலேயே வாங்கி, அலசி அலசிப் பழசாக்கியே கொடுத்திருந்தாள். சொந்தக்காரர்கள், "மாமனுக்குப் புது வேட்டிகூட எடுக்கலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மகனும் வந்திருந்தான். பட்டுச் சட்டை, பளபளப்பு, தாடியைக் கத்தரித்து விட்டிருந்தான். பத்தடி தள்ளி நின்றாலும் செண்ட் வாசம் வந்தது. அவனை வரச் சொன்னது அத்தை என்று எனக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். பாவம், அவன் என்ன செய்வான்.

மொட்டை அடிக்கிறவர் கத்தியைத் துடைத்துவிட்டு, "தாய்மாமன் உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. அத்தையைப் பார்த்தேன். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கையக் காட்டுங்க தம்பி" என்றார் அத்தை.

காட்டினேன். மிளகாய் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன கை அவருடையது. என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். முந்தானை நுனியால் முன்கையை ஒரு தேய் தேய்த்து, துணியில் செதில் எதுவும் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"அரிக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "வேர்த்தா முழங்கை மடிப்புல கொஞ்சம் அரிக்கும் அத்தை" என்றேன்.

அவர் அந்த இடத்தையும் பார்த்தார். குனிந்தவர் அப்படியே என் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கருவாட்டு வாசம் பார்க்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"ஏத்தா, இவரு மேல பிள்ளை வாசம்ல அடிக்குது?"

"அவ சோப்பைத்தான அத்தை போடுறான்" என்றாள் அக்கா. "எண்ணெயும் அவளோடதுதான். மாசாமாசம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வாங்குறேன்."

அத்தை திரும்பிப் பெரியப்பா மகனைப் பார்த்தார். அவன் பக்கம் ஒரு தடவை மூச்சை இழுத்தார், பெரிதாகத் தும்மினார். "நீ செண்டைக் குளிச்சிட்டு வந்திருக்க. ஒன் மடியில வச்சா பிள்ளை மூச்சு முட்டிப் போகும். அங்குட்டுப் போயி பந்தியப் பாரு" என்றார். அவன் அவ்வளவு சந்தோசமாக ஓடியதை நான் பார்த்ததில்லை.

"உக்காருங்க தம்பி. பொழுதாகுது."

பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அத்தையே பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தார். பாதி வைத்து, நான் பிடித்த பிடியைப் பார்த்து, அப்புறம்தான் கையை எடுத்தார். தண்ணீர் தொட்டுத் தலையில் வைத்ததும் பிள்ளை சிலிர்த்தது. கத்தி ஓடியபோது அழவில்லை. விழுகிற முடியை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசி மறுபடி கொண்டுவந்தார்கள். ஆசாரி கம்பியோடு வந்து உட்கார்ந்தார். ஒரு காது குத்தி முடிகிற வரை அவளுக்கு விசயம் புரியவில்லை. புரிந்ததும் வீறிட்டாள். தலையை என் முழங்கை மடிப்பில் புதைத்து, சந்தனமும் கண்ணீரும் எச்சிலுமாக அங்கேயே தேய்த்தாள். நான் அசையவில்லை. இன்னொரு காதும் குத்தியாயிற்று. போட்டோ எடுக்கிறவர், "மாமா, சிரிங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மடி சூடானது. வேட்டியில் பரவி, கீழே கையிலும் வழிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மாமன் சீருக்கு மருமக பதில் சீர் செய்யுதுப்பா" என்று ஒருவர் கத்தினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தது.

சிரிக்காமல் இருந்தது அத்தை மட்டும்தான். பிள்ளையைத் தூக்கி அக்காவிடம் நீட்டினார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பந்தல் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏத்தா, ஒரு செம்பு தண்ணி கொண்டாங்கடி, நல்ல தண்ணி! தம்பிக்குக் கை எரியப் போகுது. அந்தப் பிள்ளை துண்டையும் எடுத்துட்டு வா. தேய்க்காத, ஒத்தி எடுக்கணும்!"